இரண்டாவது ஊதல்

அவர் சூடான டீயை ஊதிக் குடித்து நான் பார்த்ததே இல்லை. கிளாஸைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, கைகளை முழங்கால்மேல் போட்டுக்கொண்டு, அது தானாக ஆறும்வரை உட்கார்ந்திருப்பார். அவசரத்தில் வந்த நாங்கள் உஸ் உஸ்ஸென்று ஊதி, நாக்கைச் சுட்டுக்கொண்டு கிளம்பியிருப்போம். அப்போதுதான் அவர் முதல் வாய் குடிப்பார். டீக்கடை பாய்க்கு இதில் நிரந்தர வருத்தம். "ஆறின டீய குடிக்கறதுக்கு எதுக்கு கடைக்கு வர்றீங்க மிலிட்டரி? வீட்லயே தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கலாமே" என்பார். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலும் உதடு அளவுக்கு மேல் விரியாது.

வாயை அப்படிக் காப்பாற்றினார். பாக்கு, வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது. கடினமான முறுக்கைக் கடிக்கமாட்டார். டீயில் நனைத்துச் சாப்பிடுவார். என் மகளின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊத ஆள் போதாமல் அவரைக் கூப்பிட்டேன். வந்தார். "ஊதறது நீங்க ஊதுங்க சார், நான் முடிச்சு போட்டுத் தர்றேன்" என்று தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் என் மச்சானும் கன்னம் வலிக்க ஊதினோம். அத்தனை பலூனுக்கும் அவர் போட்ட முடிச்சு மறுநாள் வரை ஒன்றுகூட அவிழவில்லை.

ஆம்பூரில் பாலாற்றங்கரைப் பக்கம் போய் முடிகிற தெரு எங்களுடையது. நான் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிறவன். அவர் அதே கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. கண்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது மற்ற செக்யூரிட்டிகள் விசிலை ஊதித் தள்ளுவார்கள். இவர் கழுத்திலும் கம்பெனி கொடுத்த விசில் தொங்கும். அது வாய்க்குப் போய் யாரும் கண்டதில்லை. கையைக் காட்டுவார், லாரியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார், லாரி நின்றுவிடும். மேனேஜர் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார். "விசில் ஊதினா உதடு கெட்டுடும் சார்" என்று சொல்லியிருக்கிறார். மேனேஜருக்கு அது என்ன வியாதி என்று புரியவில்லை. லாரி எதுவும் இடிக்காததால் விட்டுவிட்டார்.

ராணுவத்தில் அவர் பியூகிள் ஊதியவர். பித்தளையில், பட்டன் எதுவும் இல்லாத, வளைந்த ஊதுகுழல். எங்கள் தெரு அதைக் கொம்பு என்றுதான் சொல்லும்.

எங்கள் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போகாதவன் மிலிட்டரிக்குப் போயிருப்பான். அதனால் காவேரிப்பாக்கத்திலிருந்து நாட்றம்பள்ளி வரைக்கும் ஏதோ ஓர் ஊரில் ஒரு முன்னாள் சிப்பாய் இறந்துகொண்டே இருப்பார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து இவருக்கு போன் வரும். இஸ்திரி போட்ட கோட்டும் மெடல்களும் மாட்டிக்கொண்டு, ஒரு ரெக்ஸின் பைக்குள் கொம்பை வைத்துக்கொண்டு கிளம்புவார். சில நாள் என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அப்படித்தான் இந்தக் கூத்துகளையெல்லாம் பார்க்க நேர்ந்தது.

கூத்து என்று சொல்வது துக்க வீட்டுக்காரர்களைக் குறைசொல்ல அல்ல. அவர்கள் டிவியில் பார்த்திருப்பது வேறு. பணியில் இருக்கும்போது உயிரை விட்டவனுக்குத்தான் பெட்டிமேல் தேசியக்கொடி, வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி எல்லாம். பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, வீட்டுக் கட்டிலில் போனவருக்குச் சங்கத்தின் மலர்வளையம், நாலு கிழவர்களின் சல்யூட், இவருடைய ஊதல். அவ்வளவுதான். இதை அழுதுகொண்டிருக்கும் மகனிடம் யார் உட்கார்ந்து விளக்குவது? "துப்பாக்கி எத்தினி மணிக்கு வருது?" என்றுதான் முதலில் கேட்பான். வராது என்றதும் அப்பா செத்ததைவிட அது பெரிய அவமானமாகிவிடும். பக்கத்து ஊர்க்காரனுக்குச் சுட்டார்களே என்பான். "அவன் பார்டர்ல போனாம்பா, உங்கப்பா பாத்ரூம்ல வழுக்கி உழுந்தாரு" என்று சங்கத் தலைவர் ஒருமுறை உண்மையைச் சொல்லி, அடிவாங்காமல் வந்தது பெரிய விஷயம்.

நாட்றம்பள்ளியில் ஒரு வீட்டில், துப்பாக்கி இல்லாத குறையைத் தீர்க்கச் சரவெடி வாங்கி வைத்திருந்தார்கள். இவர் கொம்பை உதட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில் பற்றவைத்தார்கள். இவர் கொம்பை இறக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. வெடி முழுக்க வெடித்து, புகை கலைந்து, நாய்கள் குரைத்து ஓய்கிறவரை அப்படியே விறைப்பாக நின்றார். பிறகு முதல் ஊதலை ஊதினார். நீளமாக, நிதானமாக, ஒவ்வொரு சத்தமும் எங்கேயோ போய் உட்காருவது மாதிரி. முடிந்ததும் எல்லாரும் மௌனமாக நிற்கவேண்டும். அங்கே யாருக்கும் அது தெரியாது. பின்வரிசையிலிருந்து ஒருவர், நல்ல போதையில், "சூப்பர் மிலிட்டரி! ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார். மௌனம் முடிந்து முறைப்படி இரண்டாவது ஊதல் வந்தது. அந்த மனிதர் தான் கேட்டதால்தான் மறுபடி ஊதினார் என்று கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேரணாம்பட்டில் வேறு மாதிரி. பேண்டு வாத்தியக்காரர்களும் வந்திருந்தார்கள். சரிகைத் தொப்பி போட்ட டிரம்பெட்காரர் இவருடைய கொம்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பட்டனே இல்லியே அண்ணா, இத வச்சி எப்டி பொழப்ப ஓட்றீங்க?" என்று நிஜமான இரக்கத்தோடு கேட்டார். செத்தவரின் மகள் வந்து, அப்பாவுக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டை ஊதமுடியுமா என்றாள். "எனக்கு ரெண்டுதாம்மா தெரியும்" என்றார். அது பொய். பட்டாளத்துப் பாரக்கில் சாப்பாட்டுக்கு, தபாலுக்கு, அணிவகுப்புக்கு என்று ஏகப்பட்டது ஊதியவர். ஆனால் அதற்கெல்லாம் மூச்சைச் செலவு பண்ண அவருக்கு இப்போது மனமில்லை.

திரும்பும் வழியில் அந்த இரண்டும் என்ன என்று கேட்டேன்.

"மொதல்ல ஊதறது நாள் முடிஞ்சிச்சின்னு சார். ராத்திரி எல்லாரும் படுக்கணும். ரெண்டாவது காலைல எழுப்பறதுக்கு."

"செத்தவர எதுக்கு எழுப்பணும்?"

"அது எனக்குத் தெரியாது. ஊதச் சொன்னாங்க, ஊதறேன்."

மனிதர் அவ்வளவுதான். அதில் தத்துவம் தேடினால் கிடைக்காது.

அவருடைய தொல்லை வேறிடத்தில் இருந்தது. உதட்டுக்குப் பழக்கம் விட்டுப்போனால் கொம்பில் வெறும் காற்றுதான் வரும் என்பார். அதனால் எங்காவது ஒரு முன்னாள் சிப்பாய் சீரியஸ் என்று காதில் விழுந்ததும், சாயங்காலம் டியூட்டி முடித்து, ரெக்ஸின் பையோடு பாலாற்று மணலுக்கு இறங்கிவிடுவார். வீட்டில் ஊதினால் அவர் மனைவியே விரட்டிவிடுவார். ஆற்றிலிருந்து கொம்புச் சத்தம் கேட்டால் தெருவில் ஜன்னல்கள் சாத்தப்படும். "யாருக்குன்னு தெரியலயே" என்று பெண்கள் வாசலுக்கு வாசல் கேட்டுக்கொள்வார்கள். தோல் ஷாப் சங்கு தினமும் விடியலில் ஊரையே உலுக்கி எழுப்பும். அதற்கு யாரும் பயந்ததில்லை. அது சோறு போடுகிற சங்கு.

மெல்ல மெல்ல அவர் ஊதுவதால்தான் ஆள் போகிறது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. உடம்புக்கு முடியாதவர் இருக்கும் வீட்டு வாசலில் அவர் சைக்கிளை நிறுத்தக்கூடாது. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்க அவர் போனால், அந்த வீட்டார் முகம் வெளிறிப்போகும். அதனால் யாரையும் பார்க்கப் போவதையே விட்டுவிட்டார். இதற்காக அவர் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

என் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு ரிட்டையர்டு சுபேதார் இருந்தார். சர்ச்சுக்கு ஞாயிறுதோறும் பூட்ஸ் போட்டுப் போகிறவர். எதிலும் குற்றம் கண்டுபிடிப்பார். எங்கள் கொம்புக்காரர் ஊதுவதிலும் கண்டுபிடிப்பார். "மூணாவது எடத்துல இழுக்கறான்" என்பார் என்னிடம், எனக்கு என்னவோ புரிந்துவிடும் மாதிரி. அவருக்கு நுரையீரலில் கேன்சர் வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கடைசியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் ஆம்புலன்ஸில் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் ஆற்றில் கொம்பு ஊதியது. இந்த முறை யாருக்கு என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

நாலாம் நாள் சுபேதாரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். ரிட்டையர்டு டீச்சர். தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சரம்மாதான். "நீங்களும் கொம்புக்காரரும் ஒரே கம்பெனி. எங்கூட கொஞ்சம் வாங்க தம்பி" என்றார். போனோம். கொம்புக்காரர் அப்போதுதான் ஆற்றிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ நல்லா ஊதுற. அவரு போனப்புறம் ஊது, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சரம்மா. குரல் முதலில் நன்றாகத்தான் இருந்தது. "இப்ப ஊதாதப்பா. அவரு படுத்துனு கேட்டுனே இருக்காரு. நான் கஞ்சி ஊட்றேன், வெளிய நீ ஊதற. உயிரோட இருக்கறப்பவே அடக்கம் பண்ற மாதிரி இருக்குது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரிம்மா" என்றார் இவர்.

அவ்வளவுதான். டீச்சரம்மா போனபின் நான்தான், "தூரமா எங்கயாவது போய் ஊதலாமே. உதடு மறந்துடும்னு சொல்வீங்களே" என்றேன்.

"சரின்னு சொல்லிட்டேனே சார்."

ஒரு வாரம் ஆறு அமைதியாகக் கிடந்தது. தெரு நிம்மதியாகத் தூங்கியது. தூங்காதவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை சுபேதார் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் அதிகாரம் குறையவில்லை. "எங்க அவன்? லீவு போட்டுட்டானா? கூட்டிட்டு வா."

கூட்டிப்போனேன். கொம்புக்காரர் கட்டிலருகே விறைப்பாக நின்றார். டீச்சரம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார்.

"இன்னாடா, நிறுத்திட்ட?"

"உதட்ல புண்ணு சாப்."

"பொய் சொல்லாத. இவ வந்து அழுதாளா?"

இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுபேதார் இருமி முடிக்கக் கொஞ்சம் நேரமானது.

"மொதல்ல ஊதறது எனக்கு வேணாம். அத எப்படியும் ஊதத்தான் போற, நான் கேக்கப் போறதில்ல. நீ ரெண்டாவது ஊது. காலைல. பாரக்ல ஊதற மாதிரி. ராத்திரி எது பகல் எதுன்னே தெரியாம கெடக்கறேன்டா. எப்ப எழுந்துக்கறதுன்னு யாராவது சொல்லணும்ல?"

"தெருவுல பயப்படுவாங்க சாப்."

"தெருவுக்கா ஊதற?"

இவர் திரும்பி டீச்சரம்மாவைப் பார்த்தார். அவர் சொல்லாமல் இவர் அசையப்போவதில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்றார் டீச்சரம்மா. "எது எதுன்னு நான் எப்டி கண்டுபுடிப்பேன்?"

"மொதல்ல ஊதறது எறங்கிப் படுத்துக்கும். இது குதிச்சிக் குதிச்சி எழுந்துக்கும்மா. ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும்" என்றார் இவர்.

டீச்சரம்மா வந்து சுபேதாரின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "அவரு கேக்கறாரே. ஊது" என்றார்.

மறுநாளிலிருந்து தோல் ஷாப் சங்கு அடங்கிய கையோடு தெருமுனையில் கொம்பு ஊதியது. தெரு அலறிப்போனது. என் மனைவி பிள்ளையின் காதைப் பொத்தினாள். டீக்கடையில் பாய், "காலங்காத்தால பேஜாரா இருக்குது மிலிட்டரி. போணிக்கு வர்றவன் திரும்பிப் போறான்" என்று நேராகவே சொல்லிவிட்டார். இரண்டு பேர் என்னிடம் வந்து, நீங்க சொன்னால் கேட்பார் என்றார்கள். இது வேறு ஊதல், சாவுக்கு ஊதுவதில்லை, எழுப்புவதற்கு என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. கொம்பு என்றால் கொம்புதான். அவரோ டீ ஆறுகிறவரை முழங்காலில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் எதிர்வீட்டில் நடந்ததை நான் தினமும் பார்த்தேன். ஊதல் முடியும். உடனே ஜன்னலுக்குள்ளிருந்து டீச்சரம்மாவின் குரல் வரும். "ஊதியாச்சி. எழுந்திருங்க." பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புகிற, கொஞ்சம் சலிப்பான குரல். நான் ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போது சுபேதார் சவரம் செய்து, சட்டை பட்டன் எல்லாம் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். "இன்னிக்கு கடைசில இழுத்துட்டான், கவனிச்சியா?" என்பார். கவனித்தேன் என்பேன். அவர் பிழைத்துவிடுவார் என்று நான்கூட நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மழைக்காலம் முழுக்க ஊதினார். மழை கொட்டிய நாளில் ஒரு கையில் குடை, ஒரு கையில் கொம்பு. இது எழுப்புகிற ஊதல் என்று டீச்சரம்மாவின் காதுக்குப் பழகிவிட்டது. ஊதல் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கு வந்து தெருமுனையை எட்டிப் பார்ப்பார்.

கார்த்திகை முடிவில் ஒரு மதியம், சவரம் செய்த முகத்தோடும் பட்டன் போட்ட சட்டையோடும், உட்கார்ந்தபடியே சுபேதார் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை ஊதல் இல்லை. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வழக்கம்போல், "கன் சல்யூட் கிடையாதா?" என்று கேட்டார்கள். சங்கத் தலைவர் இந்த முறை ஜாக்கிரதையாகப் பதில் சொன்னார். போதகர் ஜெபித்தார். மலர்வளையம் வைத்தார்கள். டீச்சரம்மாவுக்குக் குழியருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

கொம்புக்காரர் வேப்ப மரத்தடியில் தனியாக நின்று முதல் ஊதலை ஊதினார். இத்தனை நாள் ஆற்றில் அதை ஊதிப் பழகாமல் இருந்தவர். இருந்தும் எங்கும் பிசகவில்லை. கிறிஸ்தவக் கூட்டமாக இருந்ததால் மௌனமும் ஒழுங்காக இருந்தது. ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரண்டாவது ஊதல் எழுந்தது.

டீச்சரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பெட்டியின் அருகே போய்க் குனிந்து, "ஊதியாச்சி. எழுந்திருங்க" என்றார்.

அதே குரல். அதே சலிப்பு. பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்னபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு கைகளையும் பெட்டிமேல் ஊன்றிக்கொண்டார். அப்போது வந்தது அழுகை. புத்தி பேதலித்துவிட்டது என்று உறவுக்காரப் பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வழக்கமாக ஊதி முடித்த மறுநிமிடம் பையில் கொம்பைப் போட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிடுகிறவர் அன்று போகவில்லை. டீச்சரம்மாவைக் காரில் ஏற்றுகிறவரை வேப்ப மரத்தடியிலேயே நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சு வாங்கி அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் விடியலில் தோல் ஷாப் சங்கு ஓய்ந்தது. தெருமுனையில் கொம்பு ஊதியது.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கதவுகள் திறந்தன. எங்கள் தெருவில் அப்போது ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். "அதான் அடக்கம் ஆயிடுச்சே. இப்ப யாருக்கு?" பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊதி முடித்தவர் கொம்பைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் அங்கே எதுவும் அசையவில்லை. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. டீச்சரம்மா தலையை முடிந்துகொண்டே வெளியே வந்தார். வாசலில் பால்காரன் போட்டுவிட்டுப் போன பாக்கெட்டைக் குனிந்து எடுத்தார். தெருவே தன்னைப் பார்த்து நிற்பதை அப்போதுதான் கவனித்தார்.

"எனக்குத்தான் ஊதறாரு. போய் வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்ச உள்ளே போனார்.